ஓடுபாதையில் நெத்திலி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ராயபுரம் ஸ்டேஷனில் நானும் என் கொழுந்தன் செல்வமும் எண்ணூருக்கு டிக்கெட் எடுத்தோம். ஆளுக்கு ஐந்து ரூபாய். ரோடு வழியாகவும் போகலாம். ஆனால் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகளின் பின்னால் மாட்டிக்கொண்டால் மதியச் சாப்பாடும் ரோட்டில்தான். எங்கே பயணம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். சொந்தமாக விமானம் வைத்திருப்பவர்கள் குடியிருக்க, வீட்டு வாசலிலேயே ஓடுபாதையோடு ஒரு காலனி வரப்போகிறதாம். ஏர்பார்க் என்று பெயர். எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி. அதன் அறிமுக விழாவுக்குப் போகிறோம்.

கொடியில் காயப்போட்ட வேட்டியில் சாம்பல் படிகிற ஊர் எங்களுடையது. மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து காஸ் வாடை வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, யாருக்குப் போன் போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்போம். அந்த ஊரில் 'வானத்தோடு வாழுங்கள்' என்று அழைப்பிதழ் அடித்திருந்தான் ஒரு மகராசன். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பாரிமுனையில், துறைமுகச் சரக்குக்குப் பேப்பர் போடும் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்ப்பவள். என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்? கூப்பிட்டது செல்வத்தைத்தான். அவன் அமெரிக்காவில் சின்ன விமானங்களுக்கு ரிப்பேர் வேலை செய்கிறவன். அங்கே இப்படியொரு ஏர்பார்க்கில் அறை எடுத்துச் சில வருஷம் தங்கியிருக்கிறான். லீவில் வந்தவனை யார் மூலமோ கண்டுபிடித்து, "கேமரா முன்னால ரெண்டு வார்த்தை பேசுங்க சார்" என்று கேட்டிருந்தார்கள்.

எனக்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. எங்கள் தெருவுக்குப் புதன்கிழமைதோறும் கருவாட்டுக் கூடையோடு வரும் கலா அந்தப் பக்கத்துக் குப்பத்துக்காரி. "எங்களுக்குப் புச்சா மீன் காய வைக்கிற தளம் போட்டுக் குட்த்துகீறாங்கோக்கா, வந்து பாரு, ஷோக்கா கீது" என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதையும் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன்.

ரயில் தண்டையார்பேட்டை தாண்டியதும் கேட்டேன். "அப்படி என்னதான் சுகம் அந்த ஏர்பார்க்ல?"

செல்வம் மறைக்கத் தெரியாதவன். "சுகம்தான் அண்ணி. நமக்கு வீட்டுக்குப் பக்கத்துல ஸ்கூட்டர் நிக்கற மாதிரி அங்க பிளேன் நிக்கும். காலையில காபி குடிச்சிட்டு, ஷெட்டைத் திறந்து, அப்படியே தெருவுல உருட்டிட்டுப் போய் ஏற வேண்டியதுதான். டிபன் சாப்பிட வேற ஊருக்குப் பறந்து போயிட்டு வருவாங்க. தபால் பெட்டியைக்கூடக் குள்ளமா வச்சிருப்பாங்க, இறக்கை இடிக்கக் கூடாதுன்னு. தெருவுல பிளேன் வந்தா கார்தான் ஒதுங்கணும். எவன் இன்ஜினாவது இருமிச்சுன்னா போதும், தெருவே ஸ்பேனரோட வந்து நிக்கும்."

"அப்ப கஷ்டமே இல்லையா?"

"இல்லாம? விடியறதுக்கு முன்னாடி ஒருத்தன் இன்ஜினைக் கிளப்புவான், தூக்கம் போச்சு. ஓடுபாதையைப் பராமரிக்க எல்லாரும் பங்கு போடணும், அதுல ஓயாத சண்டை. ஆஸ்பத்திரி, கடை எல்லாம் தூரம். வீட்டை விக்கப் போனா சுலபத்துல ஆள் கிடைக்காது. வயசாகி டாக்டர் 'இனிமே ஓட்டக் கூடாது'ன்னுட்டா முடிஞ்சுது கதை. அவ்வளவு பெரிய ஷெட்டுல சைக்கிள் நிறுத்தி வச்சிருக்கற கிழவனுங்களப் பாத்திருக்கேன்."

எட்டு மணிக்கு முன்பே எண்ணூரில் இறங்கினோம். அங்கிருந்து நாலு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டு நூற்றிருபதுக்கு இறங்கினார். இடத்தைச் சொன்னதும் திரும்பி எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏரோப்ளேன் வூடா? நீங்க வாங்கப் போறீங்களா மேடம்?"

"எங்களப் பாத்தா அப்படியா தெரியுது?"

"இல்லதான். இங்க தண்ணி லாரி வர்றதுக்கே ரோடு இல்ல. பிளேன் வரப்போவுதாம். நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, டேங்கர் லாரிக்கும் பள்ளத்துக்கும் நடுவே வண்டியைத் திருப்பினார். வழியெல்லாம் கன்வேயர் பெல்ட், குழாய், புகைபோக்கி. தூரத்தில் தெரிந்த புகைபோக்கிகளை எண்ணத் தொடங்கிய செல்வம் பாதியில் நிறுத்திவிட்டான். "இதுக்கு நடுவுல எப்படி இறக்குவான்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான்.

வாசலில் வளைவு, உள்ளே ஷாமியானா, வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள், கண்ணாடி டம்ளரில் ஜூஸ். கார்களில் வந்தவர்கள் கால் மண்ணில் படாமல் கம்பளத்தில் நடந்தார்கள். வெள்ளை ஷூ போட்ட மேனேஜர் செல்வத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இன்னும் கொஞ்ச நேரத்துல நம்ம டெமோ பிளேன் லேண்ட் ஆகும் சார். அதை வச்சு நீங்க பேசுறீங்க." சர்க்கார் அனுமதி எல்லாம் வந்துவிட்டதா என்று செல்வம் கேட்டதற்கு, "அது ப்ராசஸ்ல இருக்கு" என்று சிரித்தார்.

ஷாமியானாவைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். கழிமுகத்தை ஒட்டிக் கருகருவென்று தார் போட்ட நீண்ட பாதை. அதன் இந்த முனையில் பட்டை பட்டையாக, பக்கத்தில் பக்கத்தில், வெள்ளைக் கோடுகள். கோட்டுக்குக் கோடு பழைய வலையை விரித்திருந்தார்கள், அதன்மேல் நெத்திலி வெள்ளி போல மின்னிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கோட்டின் தலைமாட்டிலும் ஒரு பெண் குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். அவர்களில் ஒருத்தி எழுந்து கையை ஆட்டினாள். கலா.

"வந்துட்டியாக்கா! தோ, இதாங்கா தளம்."

"கலா, இது உங்களுக்குப் போட்டதுன்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? இது நாங்க காலங்காலமா மீன் காய வெச்ச மணலு. அதும்மேலயே போட்டுகீறாங்கோ. மின்ன ஒரு கம்பெனிக்காரன் சிமிட்டித் தளம் கட்டிக் குட்த்தான், தண்ணி நிக்கிற பள்ளத்துல. நாயிகூடப் படுக்காது. இவங்கோ ஆளு வந்தாரு, மீன் காய வெக்கிற குடும்பம் எத்தினின்னு கேட்டாரு, ஒரு துணிப்பை குட்த்துட்டுப் போனாரு. அப்பால தாரு வந்துச்சு, கோடு வந்துச்சு. தேங்கா ஒட்ச்சு, கற்பூரம் காட்டி, சீட்டுப் போட்டோம். மூணாவது கோடு எனுக்கு."

கழிமுகத்தில் இன்றைக்கு யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதைக் குப்பத்து ஆட்கள் முறை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒருவன் பாட்டில் இன்னொருவன் இறங்க மாட்டான். சமமாகப் பிரித்துக் கோடு போட்ட ஒரு தளத்தைக் கண்டால் அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? விமானம் இறங்குமிடம் என்று காட்டுவதற்கான கோடுகள் அவை என்று செல்வம் என் காதில் சொன்னான். குப்பத்துக்கு வந்து குடும்பங்களை எண்ணிக்கொண்டு போனவன் அந்த ஒரு வார்த்தையை அவர்களிடம் சொல்லியிருக்கலாம். காவலுக்கு இருந்த உள்ளூர் ஆளும் கம்பெனி கொடுத்ததுதான் என்று நம்பித்தான் விட்டிருக்கிறார்.

செல்வம் குனிந்து தாரைத் தடவிப் பார்த்தான். "பாருங்க அண்ணி, ஒரு கல்லு இல்ல, மண்ணு இல்ல. அங்க இப்படிப் பெருக்க மிஷின் வச்சிருந்தோம்."

"தெனம் விடியக்காலம் பெருக்குவோம். இல்லாங்காட்டி சாம்பல் ஒட்டிக்கும், சரக்கு கலீஜாப் பூடும்" என்றாள் கலா.

நெத்திலியைப் பற்றிச் சொல்லச் செல்வம் இரண்டு முறை போனான், வாசலில் கார்களை வரவேற்றுக்கொண்டிருந்த மேனேஜர் காது கொடுக்கவில்லை. பத்து மணி சுமாருக்கு விமானம் வந்தது. இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். ஷாமியானாவில் கைதட்டல். நெத்திலிக்காகக் காலையிலிருந்தே சுற்றிக்கொண்டிருந்த காக்கைகளும் பருந்துகளும் சத்தம் கேட்டு ஒரே வீச்சில் கிளம்பி வானத்தை மறைத்தன. விமானம் தாழ வந்தது. சட்டென்று மூக்கைத் தூக்கிக்கொண்டு கடல் பக்கம் திரும்பியது. இன்னொரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போயே போய்விட்டது.

"நல்ல பைலட். ஒரு பருந்து மாட்டியிருந்தா செத்திருப்பான்" என்றான் செல்வம்.

மேனேஜர் கம்பளத்தை விட்டு ஓடி வந்தார். "யார் உங்களை உள்ள விட்டது? இது ரன்வே! ரன்வேல வந்து கருவாடு காய வைக்கிறீங்க, அறிவில்ல?"

"ரன்வேயோ இன்னாவோ, கோடு போட்டுக் குட்த்தது நீங்கதான? எத்தினி குடும்பம்னு கேட்டுகினு போனது உங்க ஆளுதான?"

"அது சும்மா சர்வேம்மா."

"குடுக்காதவன் இன்னாத்துக்கு சார் கேக்கறான்?"

மேனேஜர் போனை எடுத்தார். பைலட் ஒரு மணி நேரத்தில் திரும்ப முயற்சி செய்வார், அதற்குள் பாதையைக் கழுவு என்று தண்ணீர் லாரியை வரச்சொன்னார். ஊருக்கு வராத தண்ணீர் லாரி அதற்கு மட்டும் உடனே வந்தது. பாதி காய்ந்த நெத்திலியில் தண்ணீர் பட்டால் அவ்வளவுதான், அழுகி நாறும். "அர மணி குடு சார், வாரிக்கறோம்" என்று பெண்கள் கெஞ்சினார்கள். நான் லாரிக்கு முன்னால் போய் நின்று, ஆபீசில் ஒருநாளும் கத்தாத கத்தலைக் கத்தினேன். டிரைவர் நல்லவர், நிறுத்தினார். மேனேஜர் அவரைத் திட்டி, என்னைச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னார். வாரியது பாதி. மீதியைக் குழாய்த் தண்ணீர் கழிமுகத்துக்கே அடித்துக்கொண்டு போனது. கலாவின் மூன்றாவது கோட்டில் ஒரு மீன்கூட மிஞ்சவில்லை. நாற்காலிக்காரர்கள் ஜூஸ் டம்ளரோடு நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் அந்த முகங்களை அறைய வேண்டும் போலிருக்கிறது. விமானம் திரும்ப வரவுமில்லை.

இத்தனைக்கும் பிறகு கேமராவைக் கொண்டுவந்து செல்வத்தின் முன் நிறுத்தினார்கள். ஏர்பார்க்கின் சுகங்களைச் சொல்ல வேண்டுமாம். அவன் சொன்னான். காபி, ஷெட், டிபன், ஸ்பேனர், எதையும் விடவில்லை. கஷ்டங்களையும் சொன்னான். பிறகு, "நான் இருந்த எடத்துல ஒரு மரம் வெட்டணும்னாக்கூடத் தெருவே கூடிக் கை தூக்கி ஓட்டுப் போடும். ஓடுபாதைக்குப் பக்கத்துல இருக்கறவங்க எல்லாரும் அது வேணும்னு சொல்லணும். இல்லன்னா அங்க யாரும் நிம்மதியா குடியிருக்க முடியாது. இங்க பக்கத்துல இருக்கறவங்களைக் கேட்டீங்களா?" என்றான். அதற்கு முன்பே கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது.

கலா ஈர வலையைச் சுருட்டிக்கொண்டே அவனிடம் கேட்டாள். "நைனா, அந்த பிளேனு வாரத்துல எத்தினி வாட்டி வரும்?"

"ரொம்ப வந்தா சனி, ஞாயிறு வரும்க்கா. அவங்க வெளாட்டுக்கு ஓட்டறவங்க."

அவள் மேனேஜரிடம் போனாள். "சனி நாயிறு நீங்க வெச்சுக்கோங்கோ சார். மத்த நாளு நாங்க காய வெச்சுக்கறோம். பெருக்கியும் குடுக்கறோம்."

இதைவிட நியாயமான பேச்சை நான் எந்த ஆபீசிலும் கேட்டதில்லை. மேனேஜர் சிரித்தார். உண்மையிலேயே வேடிக்கை என்று நினைத்துத்தான் சிரித்தார். நாற்காலிக்காரர்கள் பார்ப்பது தெரிந்ததும் குரலை மாற்றிக்கொண்டு, "உங்களை விட்ற மாட்டோம்மா. நாளையிலேர்ந்து பறவை விரட்டுற வேலைக்கு உங்களையே எடுத்துக்கறோம். யூனிஃபார்ம் உண்டு" என்றார். அதற்கு ஷாமியானாவில் கைதட்டினார்கள்.

திரும்பும் ரயிலில் எங்கள் வீட்டை நினைத்துக்கொண்டேன். ராயபுரத்தில் எங்கள் வீடு இரண்டு அறை. மேல்வீட்டுக்காரர் கட்டில் நகர்த்தினால் எங்களுக்குத் தூக்கம் போகும், குழாயில் தண்ணீர் வந்தால் தெருவே சண்டை போடும். ஏர்பார்க்கின் கஷ்டங்களில் முக்கால்வாசி எங்களிடம் ஏற்கெனவே உண்டு. ஆனால் பக்கத்து வீட்டைத் தண்ணீர் அடித்துத் துரத்திவிட்டு அந்த இடத்தில் வந்து குடியேறியவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. இறங்கியதும் கலாவுக்குப் போன் செய்தேன். எங்கள் மொட்டை மாடியில் காய வைத்துக்கொள் என்றேன். "உன் மாடில ஏங்கூடை காயும். மத்தவங்கோ கூடைக்கா?" என்று கேட்டாள்.

அடுத்த புதனும் அதற்கடுத்த புதனும் அவள் வரவில்லை. வேலி போட்டுவிட்டார்கள், எல்லாரும் காக்கை ஓட்டப் போகிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. ஒரு மாதம் கழித்து அவளே வாசலில் வந்து நின்றாள். கூடையில் கருவாடு இல்லை, எங்கேயோ மொத்தமாக வாங்கிய பூண்டு இருந்தது. யூனிஃபார்ம் வேலை என்னவாயிற்று என்று கேட்டேன்.

"தட்டி ஓட்றதுக்கு தட்டு குட்த்தாங்கோ, விசிலு குட்த்தாங்கோ. வெயில்ல நின்னுகினே இருந்தோம். மீனு இல்லாத எடத்துக்கு காக்கா இன்னாத்துக்குக்கா வரும்? ஒண்ணுகூட வரல. பாத்தான் மேனேஜரு, காக்காதான் வர்லியே, உங்களுக்கு இன்னா வேலைன்னு திங்கக்கெயமையோட நிறுத்திட்டான்" என்று சொல்லிவிட்டு, அரைக் கிலோ பூண்டு போடட்டுமா என்று கேட்டாள்.