நாமினேஷனில் ஐந்து பேர்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஆம்பூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது:

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு டிவி சேனல் தன் சினிமா விருதுகளுக்கான நாமினேஷன் பட்டியலை அறிவித்தது.
2. அத்தைக்குப் பிடித்த நடிகையின் பெயர் அதில் இல்லை.
3. அந்த வாரம் முழுக்க வீட்டில் வாக்குவாதம் நடந்தது.
4. அதே வாரம் அத்தை தன் ஷூ கம்பெனியிலிருந்து இன்னொரு நாமினேஷன் தாளைக் கொண்டுவந்தார்.
5. அதில் நான் யாரையும் கேட்காமல் நான்கு பெயர்களை எழுதிச் சேர்த்தேன்.

ஐந்தாவதை இன்றும் எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார்கள். முதல் நான்கையும் சொல்லாமல் விட்டால் நான் வெறும் குறும்புக்காரியாகத் தெரிவேன். நான் அப்படி இல்லை. பென்சில் பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி, அதையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்த பிள்ளை நான்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. திருமணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தார். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் லைனில் அவருக்கு வேலை. அதற்கு முந்தைய வருடக் கம்பெனி விழாவில் 'சிறந்த தொழிலாளி' என்று அவருக்கு ஒரு கேடயம் கொடுத்திருந்தார்கள். அது எங்கள் டிவியின் தலைமேல் நின்றது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பக்கத்து மெஷினில் தைக்கும் தோழியோடு மத்தியான ஆட்டத்துக்குப் போய்விடுவார். ஆகவே சினிமா விஷயத்தில் அத்தை சொல்வதற்கு வீட்டில் ஒரு மரியாதை உண்டு.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு தோல் கம்பெனியில் தரம் பிரிப்பவர். பதப்படுத்திய தோலை வெளிச்சத்தில் விரித்து, கீறலையும் உண்ணி கடித்த தழும்பையும் பார்த்து, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட், ரிஜெக்ட் என்று அடுக்க வேண்டும். நடிகர்களையும் அவர் அப்படித்தான் அடுக்குவார்.

“லாரி டிரைவரா நடிச்சாரே, அவரு ஃபர்ஸ்ட். டபுள் ஆக்ட் பண்ணவரு தேர்ட். அந்தப் புதுப் பையன் ரிஜெக்ட்,” என்றார் மாமா, அந்த ஞாயிறு மாலை டிவியில் சிறந்த நடிகருக்கான பெயர்களைக் கேட்டதும்.

“புதுப் பையன் உன்னை இன்னாடா பண்ணான்?” அப்பா பள்ளி ஆசிரியர். புதிதாக வந்த யாரையும் அவருக்கு ஃபெயிலாக்க மனசு வராது.

“அழுவற சீன்ல கூட அவனுக்குத் தலை கலையல. தோல்ல ஒரு தழும்பு கூட இல்லன்னா அது தோலே இல்ல, ரெக்சின்.”

அத்தை இதில் கலந்துகொள்ளவில்லை. சிறந்த துணை நடிகைக்காகக் காத்திருந்தார். லாரிப் படத்தில் நெடுஞ்சாலையோரம் டீக்கடை வைத்திருக்கும் ஒரு பெண் வருவார். மொத்தமே பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காக அத்தை அந்தப் படத்தை மூன்று முறை பார்த்திருந்தார்.

ஐந்து பெயர்கள் வாசித்தார்கள். டீக்கடைப் பெண் இல்லை.

“அஞ்சு பேருக்கு எடம் இருந்துச்சி,” என்றார் அத்தை. “அதுல ரெண்டு பேரு ஒரு பாட்டுக்கு ஆடிட்டுப் போனவங்க. இவ பேர வுட்டுட்டானுங்களே!”

“பத்து நிமிஷந்தானக்கா வர்றாங்க,” என்றார் அப்பா.

“அந்தப் பத்து நிமிஷம் நீ எங்க இருந்த? பாப்கார்ன் வாங்கப் போய்ட்ட.”

அது உண்மை. அப்பா தலையைச் சொறிந்தார்.

“எல்லாருக்கும் டீ ஆத்திக் குடுக்கறா. நீ குடிச்சியாம்மான்னு ஒருத்தன் கேக்கல. அத வாயத் தெறக்காம மூஞ்சிலயே காட்னா பாரு. அவளுக்கு மேல யாரு?”

அம்மா வேலூரில் மருத்துவமனை நர்ஸ். டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டே, “யாரு ஜெயிச்சாலும் நாளைக்கு சாம்பார் நான்தான் வைக்கணும்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாக்குவாதம் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்தது. எனக்கு விதிமுறைதான் முக்கியமாகப் பட்டது. ஏன் ஐந்து பேர் என்று மாமாவைக் கேட்டேன்.

“நாமினேஷன்னா அஞ்சு பேரு இருக்கணும் பாப்பா. ஒரே ஒரு பேரு எழுதி வெச்சா அது போட்டியா? உள்ளயே பேசி முடிச்சிட்டாங்கன்னு அர்த்தம். ஏமாத்து வேலை.”

அத்தை தன் தட்டைப் பார்த்தபடி, “தோக்கறது வேற. பேரே இல்லாமப் போறதுதான் பேஜாரு,” என்றார்.

இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். விதி ஒன்று, விதி இரண்டு.

செவ்வாய்க்கிழமை அத்தை கம்பெனியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து கேடயத்துக்கு அடியில் வைத்தார். பி.எஃப். ஃபாரம் என்றார். லைனில் எல்லாருக்கும் புதிதாக எழுதித் தரச் சொல்லிக் கொடுத்தார்களாம். மற்றவர்கள் மறுநாளே புருஷன் பெயரையோ பிள்ளை பெயரையோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அத்தையின் தாள் மட்டும் புதன், வியாழன், வெள்ளி என்று அங்கேயே இருந்தது. டிவி பார்க்கும்போதெல்லாம் அவர் பார்வை கொஞ்சம் மேலே போய் வந்ததை நான் கவனித்தேன். கேடயத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

தாள் முழுக்க ஆங்கிலம். எடுத்துப் பார்த்தேன். தலைப்பில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் நாமினேஷன். பி.எஃப். என்றால் பெஸ்ட் ஃபிலிமாக இருக்கலாம் என்று ஒரு யோசனை. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் படம் எடுக்கவில்லையே என்று ஒரு சந்தேகம்.

சனிக்கிழமை அத்தை என்னைக் கூப்பிட்டார். அவருக்கு ஆங்கிலம் எழுத வராது. எனக்குப் பெரிய எழுத்துகள் அழகாக வரும்.

“நாமினின்னு இருக்கில்ல, அந்த எடத்துல உன் பேர எழுது.”

“என் பேரா? ஏன் அத்தை?”

“எனக்கு அப்பறம் உனக்குதான்.”

சந்தேகம் தீர்ந்துவிட்டது. டிவி விழாவில் போன வருடம் வென்றவர் மேடைக்கு வந்து இந்த வருடம் வென்றவருக்குக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அத்தை போன வருடம் கேடயம் வாங்கியவர். அவருக்கு அப்புறம் நான். உறவுமுறை என்ற கட்டத்தில் “தம்பி மவன்னு போடு, மவன் இல்ல, மவ,” என்றார். அதற்கான 'நீஸ்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஐ முதலில் வருமா ஈ முதலில் வருமா என்று தெரியாமல் தப்பாக எழுதினேன். அத்தை கையெழுத்துப் போட்டார். தாள் மறுபடி கேடயத்துக்கு அடியில் போனது.

பெயர் எழுதும் இடத்தில் இன்னும் நான்கு வரிகள் காலியாக இருந்தன. அன்று மாலை முழுக்க அது என்னை உறுத்தியது. ஒரே பெயர் என்றால் ஏமாற்று வேலை. அது விதி ஒன்று. பெயர் விட்டுப்போனால் பேஜார். அது விதி இரண்டு. எனக்குக் கேடயம் வேண்டும்தான். ஆனால் நேர்மையாக வாங்க வேண்டும். அத்தை கடைக்குப் போன சமயம் தாளை எடுத்தேன்.

இரண்டாவது வரியில் அம்மா. வலுவான போட்டியாளர். மூன்றாவதில் அப்பா. நான்காவதில் மாமா, அவர் வெல்ல மாட்டார் என்று எனக்குத் தைரியம் இருந்தது. ஐந்தாவதற்கு யாரும் அகப்படவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. டீக்கடைப் பெண்ணாக நடித்த நடிகையின் பெயரை, பிழையில்லாமல், முழுதாக எழுதினேன். உறவுமுறைக் கட்டத்தில், 'அத்தைக்குப் பிடித்தவர்' என்று தமிழிலேயே போட்டேன்.

திங்கட்கிழமை அத்தை அதை அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நடந்ததைச் சாயந்திரம் அத்தையே நடித்துக் காட்டினார். ஆபீஸ் ரூமிலிருந்து சார் கூப்பிட்டிருக்கிறார். “இன்னாமா, சினிமா நடிகைக்கெல்லாம் எழுதி வெச்சிருக்க? அவங்களுக்குத் தெரியுமா?” சத்தமாகக் கேட்டுவிட்டார். லைனில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பக்கத்து மெஷின் தோழி எழுந்து நின்று கேட்டாளாம்: “இன்னா தோஸ்த், வாராவாரம் உன்கூட படத்துக்கு வர்றவ நானு. எனக்கு இல்ல, அவளுக்கா?”

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “கையெழுத்துப் போட்ட தாள்ல யாராவது கிறுக்குவாங்களா? அறிவில்ல உனக்கு?” என்று என் பக்கம் திரும்பினார்.

“வுடுடா,” என்றார் அத்தை. “ஒரு பேரு எழுதறதுக்கு நான் நாலு நாளு யோசிச்சிக்கினு இருந்தேன். பாப்பா ஒரு நிமிஷத்துல அஞ்சு பேரு எழுதிட்டா.”

 அப்பா உள்ளே போய் அவரே டீ போட்டுக்கொண்டு வந்து, முதல் கிளாஸை அத்தை கையில் கொடுத்தார். என் வேகத்தைத்தான் அத்தை பாராட்டினார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆபீஸ் சார் அந்தத் தாளை அத்தையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, புதுத் தாளில் அவரே எழுதிவிட்டாராம். அதில் மறுபடியும் ஒரே பெயர், என்னுடையது. விதி ஒன்றின்படி உள்ளேயே பேசி முடித்துவிட்டார்கள். கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் ஆசை விடவில்லை.

“எப்ப குடுப்பாங்க அத்தை?”

அத்தை என்னைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரைக்கும் சிரித்தார். “அதுக்கு ரொம்ப வருஷம் ஆவும். உனக்கு இன்னா அவசரம்?”

அவசரமாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு ஆராதனையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அத்தையுடையது எனக்குச் சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டேன். வெளியே வந்ததும் அத்தையிடமே சொன்னேன். தேதி கூடக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தேன்: பெரிய பரீட்சைக்கு முன்னால்.

அத்தை நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். என் தலையில் கையை வைத்தார். “சரி பாப்பா. நீ கேட்டது கேட்டதுதான். இனிமே இந்த விஷயத்த நான் அவர்கிட்ட பேசிக்கறேன்.”

அன்று மத்தியான ஆட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

இருபத்திரண்டு வயதில் முதல் வேலைக்குச் சேர்ந்த அன்று, ஒரு கம்ப்யூட்டர் திரை என் நாமினி யார் என்று கேட்டது. பக்கத்தில் சிறிய எழுத்தில் விளக்கமும் இருந்தது: பணியாளர் இறந்துபோனால் அவருடைய பணம் யாருக்குப் போக வேண்டுமோ அவர். இரண்டு முறை படித்தேன். பிறகு எழுந்து வெளியே போய், ஆம்பூருக்குப் போன் போட்டு, சாப்பிட்டாயா என்று அத்தையைக் கேட்டேன். காலை பத்து மணிக்கு எதற்கு இதைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

இப்போதைய நிலை இது. அத்தைக்கு ஐம்பத்தாறு வயது. இன்னும் அதே லைனில் தைக்கிறார். டீக்கடைப் பெண்ணாக நடித்தவருக்கு இதுவரை எந்த விருதும் கிடைக்கவில்லை. வருடா வருடம் அத்தை அதைச் சொல்லிச் சண்டை போடுகிறார். அவருடைய நாமினேஷனைப் போன மாதம் நான்தான் ஆன்லைனில் ஏற்றினேன். ஒரே பெயர், உறவுமுறையில் எழுத்துப்பிழை இல்லை. ஐந்து பேர் எழுதிய பழைய தாள் கேடயத்துக்கு அடியில் இருக்கிறது. என் ஜெபம் இன்று வரை கேட்கப்படவில்லை.