சர்வர் அறை வாசலில் ஒரு ஸ்டூல்

எங்கள் சர்வர் அறையின் மூலையில் ஓர் இரும்பு ஸ்டூல் கிடக்கிறது. பச்சைப் பெயிண்ட் உரிந்துவிட்டது, ஒரு கால் ஆடும். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று நிர்வாகத்தில் பலமுறை கேட்டார்கள். யார் கேட்டாலும் தரமாட்டேன். அது மேட்ரன் அம்மா உட்கார்ந்த ஸ்டூல்.

தஞ்சாவூரில் நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கெல்லாம் அப்போது அவர்தான் தலைமை. பேராவூரணிப் பக்கத்துக்காரர். அவர் குரல் கேட்டால் வராந்தாவே நிமிர்ந்து நிற்கும். ஐப்பசி மழையில் ஒருநாள் காலை கரண்ட் போய், யு.பி.எஸ்ஸும் கைவிட, டைரக்டரி சர்வர் பாதி வேலையில் படுத்துவிட்டது. யார் உள்ளே நுழையலாம், யார் எந்த நோயாளியின் மருந்துச் சீட்டைப் பார்க்கலாம் என்ற பதிவுகளெல்லாம் அதில்தான் இருந்தன. கரண்ட் வந்ததும் மறுபடி ஓடியது. ஆனால் குழந்தைகள் வார்டுக்கான பதிவு மட்டும் சிதைந்திருந்தது. அங்கே டாக்டர், நர்ஸ் யாராலும் ஒரு சீட்டைக்கூடத் திறக்க முடியவில்லை. ஓடுகிற சர்வரிலேயே திருத்தப் பார்த்தேன், ஏற்கவில்லை. சர்வரை நிறுத்தி, பதிவுகளை வெளியே எடுத்து, கையால் திருத்தித் திரும்ப ஏற்றுவதுதான் வழி. நிறுத்தாமல், பதிவுகள் இருக்கும் அடிக்கோப்பில் நேரே கை வைத்தால் நான் ஒன்று எழுத, சர்வர் ஒன்று எழுத, மொத்தமும் நாசமாகிவிடும்.

மேனேஜர் குதித்தார். "ஒரு வார்டுக்காக மொத்த ஆஸ்பத்திரியும் நிக்கணுமா? ஓடிக்கிட்டே சரி பண்ணுங்க சார்!" முடியவே முடியாது என்று நானும் கத்தினேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான். சத்தம் கேட்டு மேட்ரன் அம்மா வந்தார்.

"அந்த ஒரு வார்டுலதான் பச்சப் புள்ளைங்க படுத்திருக்கு. எந்த மருந்து எவ்வளவுன்னு குத்துமதிப்பாப் போடச் சொல்றீங்களா?" என்று மேனேஜரிடம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "மத்த வார்டு சீட்டெல்லாம் பிரிண்ட் எடுத்துட்டு நிறுத்துங்க. அதுவரைக்கும் பேப்பர வச்சு நாங்க பாத்துக்கறோம்."

ஸ்டூலை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே நான் வரி வரியாகத் திருத்தினேன். "இன்னும் முடியலையா, ஆன் பண்ணச் சொல்லுங்கம்மா" என்று மேனேஜர் வந்து வந்து நின்றார். "முடிஞ்சா அவரே சொல்லுவாரு. போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றே ஒவ்வொரு தடவையும் அவரைத் திருப்பி அனுப்பினார் அம்மா. கடைசியில் சர்வரை எழுப்பினேன். "தெறக்குது சார்!" என்று குழந்தைகள் வார்டிலிருந்து போன் வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அம்மா எழுந்து, "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அவர் ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிவிட்டது. இப்போது நெஞ்சு வலி என்று எங்கள் ஆஸ்பத்திரியிலேயே படுத்திருக்கிறார். அவர் மருந்துச் சீட்டும் இந்த சர்வர் வழியாகத்தான் திறக்கிறது. இன்று காலை ஒரு பதிவு மறுபடி கெட்டது. நிறுத்தியாக வேண்டும். எல்லா வார்டுக்கும் பிரிண்ட் கொடுத்தாயிற்று, ஆனாலும் எனக்குக் கை வரவில்லை. போய் அவர் கட்டிலருகே நின்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

"என் சீட்டு பிரிண்ட் எடுத்தாச்சுல்ல? அப்புறம் இங்க நின்னு என்ன முழிக்கிறீங்க? போயி நிறுத்துங்க."

வந்தேன். ஸ்டூலை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டேன். உட்கார ஆள் இல்லை. இருந்தாலும் யாரும் அதைத் தாண்டி உள்ளே வரவில்லை. சர்வரை நிறுத்தினேன்.