பச்சைப் படகு

ஜூலை 11, செவ்வாய். ஐந்து மணிக்கு எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். எட்டேகாலுக்குத் திருமயத்தில் புதுக்கோட்டை பஸ் ஏறினேன். மனைவி இறந்தபின் தொலைந்த என் தூக்கத்தை ஹிப்னாடிசத்தால் மீட்டுத் தந்த டாக்டரிடம் அது ஆறாவது முறை.

ஒல்லியான மனிதர். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். சிகிச்சையைத் தொடங்குமுன் மின்விசிறியை நிறுத்திவிடுவார். அதனால்தான் அன்று உள்ளே ஒரு பெண்ணிடம் அவர் பேசியது வெளியே காத்திருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"கோட்டைப்பட்டினம் கடக்கரைம்மா. கவுத்துப்போட்ட பச்சைப் படகு. அதுல சாஞ்சுக்கங்க. பக்கத்துல ஒரு ஜோடிச் செருப்பு கெடக்கு."

அது என் மனைவியின் செருப்பு. மனம் அமைதியாக இருந்த ஓரிடத்தைச் சொல்லச் சொன்னபோது, நானும் அவளும் அங்கே கழித்த, யாரிடமும் சொல்லாத ஒரு மாலையை அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

என் முறை வந்ததும் நின்றபடியே கேட்டேன். "அது எங்க எடம் சார். அதைப் போயி வேற ஒருத்தங்களுக்குக் குடுத்திருக்கீங்களே?"

"கோவிச்சுக்காதீங்க சார். நான் சொல்ற மலை, அருவியில எல்லாம் ஒருத்தரும் தூங்க மாட்டேங்குறாங்க. உங்க படகுக்கிட்ட போனாத்தான் எல்லாரும் தூங்குறாங்க." குரலைத் தாழ்த்தினார். "நானே இப்ப அங்கிட்டுப் போயித்தான் தூங்குறேன்."

சிகிச்சை வேண்டாமென்று திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கண்ணை மூடி அங்கே போனேன். படகைச் சுற்றி நிறையச் செருப்புகள் கிடந்தன. அவளுடையதைத் தேட வேண்டியிருந்தது.