குழிக்குள் வைத்த மெழுகுவர்த்தி

என் கணவர் சகாயராஜ் ராக்கெட் எஞ்சின் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். ஆக்சிஜனைச் சுமந்து போகாமல், போகிற வழியிலேயே காற்றை இழுத்துக்கொண்டு எரிகிற எஞ்சின் அது. தரையில் போல்ட் போட்டு இறுக்கி, புயலைவிட வேகமான காற்றை அதற்குள் செலுத்திச் சோதிப்பார்கள். பற்றவைத்த தீ உடனே அணைந்துவிடும். அதை அணையாமல் நிறுத்துவதிலேயே அவர் காலம் போனது.

கல்லறைத் திருநாளுக்குத் திண்டுக்கல் வந்தால், தன் அப்பாவின் கல்லறை மண்ணில் விரலால் சிறு குழி தோண்டி, அதற்குள் மெழுகுவர்த்தியை வைப்பார். "எஞ்சின் உள்சுவர்லயும் இப்படித்தான் ஒரு பள்ளம் வெட்டிருக்கோம். காத்து மேலாப்புல ஓடிரும், தீ உள்ள ஒளிஞ்சுக்கும்" என்பார்.

"குழி தோண்டவாண்ணே அம்புட்டு சம்பளம் குடுக்குறாய்ங்க?" என்று கொழுந்தன் ராபின் சீண்டுவான். "எப்பத்தான் பறக்கும் அது?"

"மொதல்ல அணையாம இருக்கட்டும்டா."

ஏப்ரலில் மாரடைப்பில் போய்விட்டார். போன வாரம் அவருடன் வேலை பார்த்த ஜீவிதா போன் செய்தாள். "இந்தத் தடவ எஞ்சின்ல தீ எரிபொருள் தீர்ற வரைக்கும் அணையலக்கா" என்றாள்.

இன்று கல்லறைத் திருநாள். ராபின், அண்ணன் கல்லறைக்கு ஆசையாக வழவழப்பான கிரானைட் போட்டிருக்கிறான். அதன்மேல் வைத்த மெழுகுவர்த்தியெல்லாம் காற்றில் அணைந்தன. "இதுல குழி தோண்ட முடியாதுன்னு எனக்குத் தோணலையே மதினி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கல்லின் ஓரத்து மண்ணைத் தோண்டி ஒன்றை வைத்தேன். சுடர் குனிந்தது, அணையவில்லை. தீரும்வரை உட்கார்ந்திருக்க நினைத்தேன். முதுகு வலித்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.