செல்லாயி பிடுங்காத புல்

சேத்தியாத்தோப்புக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் செல்லாயியைப் போலக் களையெடுக்க ஆள் கிடையாது. குனிந்தாளென்றால் எதிர் வரப்பு வந்தால்தான் நிமிர்வாள். வாயும் அப்படித்தான், ஒருத்தியைத் திட்ட ஆரம்பித்தால் எதிர் வரப்புவரை போகும். புருஷனை வெள்ளாற்று வெள்ளம் கொண்டுபோன பிறகு மாமியாரோடு வயலில் இறங்கியவள். மாமியாரும் போய்ச் சேர்ந்ததும் களைக்கூட்டத்துக்கு அவளே முதல் ஆள் ஆனாள். அவள் கால் வைக்காமல் இன்னொருத்தி சேற்றில் கால் வைக்க முடியாது. அவள் எதைக் களை என்கிறாளோ அதுதான் களை. சொத்து என்று அவளுக்கு இருந்தது இந்த இடம் ஒன்றுதான்.

மாமியார் கற்றுக்கொடுத்தது ஒரே சட்டம். நெல்லுக்கு நடுவே குதிரைவாலிப் புல் முளைக்கும். இலையைப் பார்த்தால் எது நெல், எது புல் என்று தெரியாது, அடியைப் பார்க்க வேண்டும். அடி சிவந்திருந்தால் புல், பிடுங்கு. பச்சையாக இருந்தால் நெல், விடு. மாமியாருக்கு அவள் மாமியார் சொன்னது. செல்லாயி அதை ஊர்ப் பெண்டுகளுக்கெல்லாம் அடித்துத் திருத்திச் சொல்லிக்கொடுத்தாள்.

அறுபத்து நாலாம் வருஷம் மார்கழியில் சபாபதியின் சம்பா வயலில் நெல் பூக்கும் முன்னே புல் கதிர் தள்ளியது. பாதி வயல் புல். சபாபதி நெற்றி நிறைய விபூதி பூசுகிற மனுஷர். வருஷத்துக்கு இரண்டு தரம் சிதம்பரத்தில் தரிசனம் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. வயலில் இறங்கி ஒரு புல்லைப் பிடுங்கிப் பார்த்தார். அடி பச்சை. இன்னொன்று, அதுவும் பச்சை. அவர் முகம் மாறிவிட்டது.

"செல்லாயி! இங்க வாடி!"

அவள் வந்தாள். பின்னாலேயே கூட்டமும் வந்தது.

"குதிரைவாலிக்கு என்னா அடி?"

"செவப்புங்க ஐயா."

"ஆண்டவன் அதைச் செவப்பாப் படைச்சான். உலகம் உண்டான நாள்லேருந்து அது செவப்பு. இது பச்சையா இருக்குது. அப்ப இது நம்ம மண்ணுல முளைச்ச புல்லு இல்ல. எங்கேருந்தோ வெதை கொண்டாந்து தூவியிருக்குது ஒரு கை. போன மாசம் நீ யாரு வயல்ல இருந்தே?"

கோவிந்தசாமி வயலில்தான் இருந்தாள். வாய்க்கால் தண்ணீருக்காகச் சபாபதியோடு கோர்ட்டு வரைக்கும் போன கோவிந்தசாமி. சபாபதி என்ன சொல்ல வருகிறார் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

"நான் தூவினேன்றீங்களா? இந்தக் கையா? இதுல புழு வைக்காதா ஐயா?"

அப்போது வரப்பில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவன் வாயைத் திறந்தான். சபாபதி பெண்சாதியின் தம்பி ஞானசேகரன், கடலூரில் விஞ்ஞான வாத்தியார். லீவுக்கு வந்தவன் சாப்பிட்டுத் தூங்கியிருக்கக் கூடாதா?

"மாமா, யாரும் தூவல. இது இதே ஊரு புல்லுதான்."

"ஆரம்பிச்சிட்டியா? குரங்குலேருந்து மனுஷன் வந்தான்னு பசங்களுக்குப் பாடம் எடுக்கிறவன். உன் பாட்டன் வால் எங்கடா, மச்சு மேலயா வெச்சிருக்கே?"

பெண்டுகள் சிரித்தார்கள். அவன் விடவில்லை.

"கேளுங்க மாமா. ஆயிரம் புல்லுல நாலு பச்சை அடியோட பொறக்கும். அது இயற்கை. இவுங்க வருஷா வருஷம் செவப்பையெல்லாம் பிடுங்கிட்டாங்க. பச்சையை நெல்லுன்னு விட்டுட்டாங்க. பச்சைதான் பிழைச்சுது, பச்சைதான் வெதை விட்டுது. இத்தினி வருஷத்துல வயல் பூரா பச்சையாயிடுச்சி. புல்லை மாத்துனது செல்லாயி கைதான். வேணும்னு பண்ணல."

நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னான். செல்லாயிக்குக் காதில் ஈயம் ஊற்றினாற்போல இருந்தது. சபாபதி அவளைத் துரோகி என்றார். இவன் அவளை, களை எடுக்கத் தெரியாதவள் என்கிறான். இரண்டில் எது கேவலம்?

"யோவ் வாத்தியாரே! ஐயனாரு படைச்ச புல்லை நான் மாத்தினேனா? நான் என்னா பிரம்மாவா? என் மாமியாரு சொல்லிக்குடுத்த கை இது. உங்க அக்கா ஊட்டுச் சோறு இந்தக் கையால வந்துது!"

"நம்பலைன்னா வாய்க்கா மேட்டைப் போயிப் பாரும்மா. அங்க யாரும் களை எடுக்கிறதில்ல."

"போடா!" என்றாள். கூட்டம் திகைத்தது. எந்தப் பெண்ணும் நிலத்துக்காரர் மைத்துனனைப் போடா என்றதில்லை.

சபாபதிக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம். "உன் படிப்பும் வேணாம், இவ சத்தமும் வேணாம். வெள்ளிக்கிழமை ஐயனார் முன்னால கற்பூரத்தை அணைச்சிச் சத்தியம் பண்ணட்டும். 'இந்தப் புல்லு வந்ததுல எனக்கு எந்தப் பங்கும் இல்ல'ன்னு சொல்லட்டும். சொன்னா அவதான் முதல் ஆளு. சொல்லாட்டி என் வயல்ல கால் வைக்கக் கூடாது, அவ்ளோதான்."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொன்ன சொல்லை அந்தப் பக்கத்தில் யாரும் மீறிப் பேசமாட்டார்கள். பொய் சொல்லி அணைத்தவன் வம்சம் தழைக்காது. செல்லாயிக்கு அதில் பயமே இல்லை. தூவாதவளுக்கு என்ன பயம்?

மறுநாள் காலையில் வாய்க்கால் மேட்டுக்குப் போனாள். வாத்தியார் மூஞ்சியில் கரியைப் பூசவேண்டும் என்றுதான் போனாள். அங்கேயும் பச்சைப் புல்லைப் பிடுங்கிக் கொண்டுபோய் அவன் சைக்கிள் மேல் எறியவேண்டும். மேட்டில் குதிரைவாலி இடுப்பு உயரம் நின்றது. ஒன்றைப் பிடுங்கினாள். சிவப்பு. தள்ளிப்போய்ப் பிடுங்கினாள். அதுவும் சிவப்பு. மேடு முழுக்கப் பிடுங்கிப் போட்டாள், கை நிறையச் சிவப்பு. மேட்டுக்குக் கீழே இறங்கி வயலோரத்தில் பிடுங்கினாள். பச்சை. ஒரே மண், ஒரே தண்ணீர், நடுவில் ஒரு வரப்பு. வரப்புக்கு இந்தப் பக்கம் அவள் கை போனது, அந்தப் பக்கம் போகவில்லை.

"நாசமாப் போறவனே," என்று அவனைத் திட்டினாள். அழுகை வந்தது. அவளுக்கு அழுகை வந்தாலும் திட்டாகத்தான் வரும்.

வெள்ளிக்கிழமை ஊரே ஐயனார் கோயிலில் கூடியிருந்தது. தட்டில் கற்பூரம் எரிந்தது. பூசாரி தட்டை நீட்டினான். செல்லாயி கையை நீட்டினாள், பாதியில் நிறுத்தினாள்.

"ஏன் நிக்கிறே? சொல்லு," என்றார் சபாபதி.

"நான் தூவல. யாருகிட்டயும் வெதை வாங்கல. கோவிந்தசாமி ஐயாவும் குடுக்கல."

"அதை யாரு கேட்டா? எனக்குப் பங்கு இல்லன்னு சொல்லு."

செல்லாயி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பின்னாலிருந்து அஞ்சம்மாள் கத்தினாள். பத்து வருஷமாய் அவளுக்குப் பின்னால் இரண்டாவதாகக் குனிந்து குனிந்து வெறுத்துப்போனவள். "சொல்லேண்டி! இல்லாட்டி செஞ்சேன்னு ஒத்துக்க!"

"ஒத்துக்கிறேன்டி," என்றாள் செல்லாயி. "செவப்பைப் பிடுங்கினேன். பச்சையை விட்டேன். விட்டது வெதை விட்டுது. வாய்க்கா மேட்டுல பாத்துட்டு வந்தேன். இந்தப் புல்லுல என் பங்கு இருக்குது. உன் பங்கும் இருக்குது, எம் பின்னாடி நீயும்தானே பிடுங்கினே! பங்கு இல்லன்னு சாமி முன்னால பொய் சொல்லி நெருப்பைத் தொடமாட்டேன்."

கற்பூரம் தானாகவே எரிந்து அணைந்தது.

"பாத்தீங்களா!" என்று சபாபதி கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "ஆண்டவன் படைச்சதை மாத்தினேன்னு அவன் சன்னதியிலயே சொல்றா. இவ வாயாலயே வந்துடுச்சி."

ஒருவரும் வாய்க்கால் மேட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை. போக எத்தனை நேரம் ஆகும்? மறுநாள் அஞ்சம்மாள் முதல் ஆளாக வயலில் கால் வைத்தாள். செல்லாயி சொல்லிக்கொடுத்த அதே சட்டத்தைச் சொல்லி, சிவப்பைப் பிடுங்கச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் ஞானசேகரன் செல்லாயி குடிசை வாசலில் வந்து நின்றான். முகமெல்லாம் சந்தோஷம்.

"நீ பெரிய காரியம் பண்ணிட்டேம்மா. படிச்சவங்களே ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. நீ கண்ணால பாத்து ஒத்துக்கிட்டே."

செல்லாயி முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீ சொன்னது நெசம்தான். இல்லன்னு நான் சொன்னேனா? ஆனா ஐயனாரு இல்லன்னு உன் வாயால ஒரு வார்த்தை வந்துச்சோ, முறத்தாலயே அடிப்பேன். ஆயிரத்துல நாலைப் பச்சையாப் பொறக்க வெச்சது யாரு? உன் ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தாங்களா?"

"அது வந்தும்மா..."

"வராது. உனக்குப் புல்லு தெரிஞ்சிது, எனக்குச் சோறு போச்சி. ஜெயிச்சிட்டேன்னு சிரிச்சிக்கிட்டு வாசல்ல நிக்கிறியே, போ!"

அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். சாமி முன்னால் அப்படிச் சொன்ன பிறகு வேறு யாரும் அவளைக் களைக்குக் கூப்பிடவில்லை. தை பிறந்ததும் செல்லாயி நெல்லிக்குப்பத்துப் பக்கம் கரும்புக் கொல்லைக்கு வேலைக்குப் போய்விட்டாள். அங்கே அவளுக்கு முன்னால் ஒருத்தி, பின்னால் பத்துப் பேர். அந்த ஒருத்தி, "எதைப் பாத்துக் களை எடுப்பே?" என்று கேட்டதற்கு, "நீ எதைச் சொல்றியோ அதை," என்று சொல்லிவிட்டுச் செல்லாயி குனிந்தாள்.