ஒருமுறைதான் கேட்பார்கள்

ஹோர்சன்ஸ் என்ற டேனிஷ் நகரில் நடந்த அந்தக் கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, நான் அகதியாக வந்த புதிது. கிரீன்லாந்தில் அமெரிக்கர்களின் விமானத்தளத்துக்காக ஊரைவிட்டு எழுப்பப்பட்ட வேட்டைக்காரச் சனங்களுக்கு ஆதரவாகச் சில டேனிஷ்காரர் கூட்டிய கூட்டம். சிறுமியாக இருந்தபோது அப்படி எழுப்பப்பட்ட ஓர் அம்மாவும் வந்திருந்தார்.

அந்தக் கூட்டத்துக்காக மழையில் நனைந்து ரயில் நிலைய வாசலில் துண்டுப்பிரசுரம் கொடுத்தவன் நான். என் அறைத்தோழன் வந்தது கோப்பிக்கும் கேக்குக்கும்.

கூட்டத்தை நடத்திய பெண் என்னிடம் வந்தாள். "உங்கள் ஊரையும் இராணுவம் எடுத்ததாமே, இரண்டு வார்த்தை பேசுகிறீர்களா?"

"சேச்சே, நான் எதுக்கு" என்றேன். எங்கள் ஆட்கள் யாராவது முதல் தரம் கேட்டவுடன் எழும்புவார்களா? இன்னொரு தரம் கேட்பாள், அதற்குப் பிறகு போகலாம் என்று சேர்ட் கொலரைச் சரிசெய்தேன். அவள் "சரி" என்று தலையாட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்த என் அறைத்தோழனைக் கேட்டாள். பாவி, உடனே எழும்பிவிட்டான்.

அவனுடைய வீடு மன்னாரில் ஓடு கழலாமல் நின்றது. அவன் சொன்னது என் கதை. கிழங்கு உரிக்கும்போது நான் அவனுக்கு மட்டும் சொன்ன கதை. இராணுவ முகாமுக்காக எங்களை எழுப்பியபோது காணி உறுதிப் பத்திரத்தை விட்டுவிட்டு, கிணற்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிய என் முட்டாள்தனத்தைக்கூட விடவில்லை. "நாங்கள்" "நாங்கள்" என்று சொன்னான். சபை அழுதது. எனக்கு அவன் கழுத்தை நெரிக்கவேண்டும் போலிருந்தது.

கிரீன்லாந்து அம்மா எழும்பி வந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தன் தாய் கதவுப் பிடியைக் கழற்றிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். "அந்த வாளி இப்போது எங்கே?" என்று கேட்டார்.

அவன் என் பக்கம் திரும்பினான். "அண்ணை, இது உங்கட கதையெல்லே. வந்து நீங்களே சொல்லுங்கோ."

அந்த அம்மாவும் என்னைப் பார்த்தார். நான் காத்திருந்த இரண்டாம் தரம் அதுதான். பொறாமை விடவில்லை.

"எனக்கென்ன தெரியும்? தொடங்கினது நீதானே, நீயே முடி" என்றேன்.

அவன் முகம் சுருங்கிப்போனது. "தொலைஞ்சு போச்சு" என்று அந்த அம்மாவிடம் சொன்னான்.

தொலையவில்லை. அங்கே, ஊர்ப்பக்கத்துக் கோயில் மடத்தில் தங்கியிருந்த என் அம்மா அந்த வாளியில்தான் அப்போதும் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார்.