சூப்பரா இருக்கு மேடம்!

பிள்ளைகள் வளர்ந்தபின் தி.நகரில் ஒரு பட்டுக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஒரே பாடம்தான். வாடிக்கையாளர் தோளில் எந்தப் புடவையைப் போட்டாலும் "சூப்பரா இருக்கு மேடம்" என்று சொல்ல வேண்டும். சாக்கைப் போட்டாலும் அதேதான். எங்கள் சூப்பர்வைசர் நாள் முழுக்க அதைக் கூசாமல் சொல்லுவார்.

ஒருநாள் ஒரு கல்யாண கோஷ்டி வந்தது. முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது என்பதால், வருங்கால மாமியார்தான் தேர்ந்தெடுத்தார். வதங்கிய கத்தரிக்காய் நிறம்! கல்யாணப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் சம்பந்தியம்மாளுக்குப் பயந்து பெண் வீட்டார் அத்தனை பேரும் "ரொம்ப நல்லாருக்கு" என்று தலையாட்டினார்கள். தஞ்சாவூர் பொம்மைகூட இப்படி ஆட்டாது.

மாமியார் என்னிடம், "நீ சொல்லும்மா" என்றார்.

"பொண்ணுக்குக் கொஞ்சமும் எடுப்பா இல்லைங்க" என்றேன்.

"உங்க வாய்க்கு இந்த வேலை சரிப்படாதும்மா" என்று சூப்பர்வைசர் அன்றைக்கே என்னை அனுப்பிவிட்டார்.

பஸ் ஸ்டாப்பில் நின்றபோது பெண்ணின் அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தார். "நீங்க சொன்னதால அரக்கு கலர் எடுத்தாங்க. ரிசப்ஷன் புடவையும் அவங்கதான் எடுக்கறாங்க. நீங்க கூட வரீங்களா?"

வாய் திறக்கத் துப்பில்லாதவர்களுக்கு வாடகை வாய்! இப்போது அதுதான் என் தொழில். தூரத்து அத்தை என்று சொல்லிக்கொண்டு போகிறேன். நான் சொல்லும் ஒரே பொய் அதுதான்.

அதே கடைக்கும் போகிறேன். என்னைப் பார்த்ததும் சூப்பர்வைசர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறார்: "வாங்க, சூப்பரா இருக்கீங்க மேடம்!"